கொசுப் புழுவுக்கு மூலிகைச் சாறு: வயலில் ஒரு கணக்கு, வாசலில் வேறு கணக்கு

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டெங்கு செய்தியோடு மூலிகைச் சாறு பற்றிய செய்தியும் வந்துவிடுகிறது. நொச்சி, சீத்தாப்பழ விதை, வேம்பு என்று ஆண்டுக்கு ஒரு செடி பேசப்படும். ஆய்வகத்தில் இவை கொசுப் புழுவைக் கொல்வது உண்மைதான். ஆனால் அங்கே நடப்பது என்ன? இலையை மெத்தனால், அசிட்டோன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, கெட்டியாக்கிய சாற்றை, 25 புழுக்கள் விட்ட சிறு கிண்ணத் தண்ணீரில் கலந்து, 24 மணி நேரம் கழித்து எண்ணிப் பார்க்கிறார்கள். நாம் வீட்டில் இலையை இடித்துத் தொட்டியில் போடுவது அதுவல்ல. இன்னும் சொல்லப்போனால், தண்ணீரில் அழுகும் இலை புழுவுக்குத் தீனியாகிறது. அந்த வாடைக்குத் தாய்க்கொசு தேடி வந்து முட்டையிடும். வேப்பிலையைக் கொத்தாகத் தொட்டியில் போட்டு வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேம்பின் பலன் கொட்டைப் பருப்பிலும் எண்ணெயிலும் அதிகம். அதிலுள்ள அசாடிராக்டின் புழுவை உடனே கொல்லாது. தோலுரித்து வளரவிடாமல் தடுக்கும். ஆகவே ஊற்றிய மறுநாள் புழு நெளிந்துகொண்டிருந்தால் மருந்து வீண் என்று முடிவு கட்ட வேண்டாம். குறை ஒன்று உண்டு: வெயில் பட்டால் சில நாட்களில் வீரியம் போய்விடும்.

வயலில் வேம்புக்கு நல்ல இடம் இருக்கிறது. நெல் வயல் தண்ணீரில் வளர்வது டெங்கு கொசு அல்ல. மூளைக்காய்ச்சல் பரப்பும் கியூலெக்ஸ். கடலூர், விழுப்புரம் பக்கத்து விவசாயிகளுக்கு இந்த நோய் புதிதல்ல. மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம் 1990-களில் நெல் வயல்களில் வேப்பம் புண்ணாக்கு சேர்த்த யூரியாவை இட்டு, தண்ணீரையும் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டிப் பார்த்தது. கியூலெக்ஸ் புழுக்கள் குறைந்தன. யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கை 5:4:1 விகிதத்தில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து மேலுரமாக இடுவது நமக்குப் பழகிய முறைதான். தழைச்சத்து வீணாகாமல் இருக்கவே அதைச் சொல்லி வந்தோம். கொசு குறைவது கூடுதல் லாபம். தண்ணீர் மறைந்து மயிரிழை வெடிப்பு தெரியும்போது மறுபடி கட்டினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. 2015 முதல் கடையில் வரும் வேம்பு பூசிய யூரியா போதாதா என்று கேட்கிறார்கள். அதில் உள்ள எண்ணெய் மிகச் சொற்பம், கொசுவுக்கு அதை நம்ப முடியாது.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் கதை வேறு. அது வீட்டைச் சுற்றியே பிறந்து, பெரும்பாலும் அருகிலேயே கடிக்கும். தேங்காய்த் தொட்டி, பாக்குப் பாளை, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டாத நாளில் நிமிர்ந்து கிடக்கும் சிரட்டை, மருந்து கலக்கும் டிரம், வைக்கோல் போர் மேல் மூடிய தார்ப்பாயின் மடிப்பு, பழைய டயர் இவையே அதற்குப் போதும். இவற்றுக்கு எந்தச் சாறும் தேவையில்லை, கவிழ்த்தால் முடிந்தது. முட்டை முழுக்கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால் வாரம் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். தொட்டியைக் காலி செய்வதோடு நிற்காமல் உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். சுவரில் ஒட்டிய ஏடிஸ் முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

கவிழ்க்கவும் வடிக்கவும் முடியாத சாக்கடைத் தேக்கத்துக்குத்தான் வேப்பெண்ணெய் பொருந்தும். சோப்புக் கரைசலில் நன்றாகக் கலக்கி, வாரம் ஒரு முறை திரும்ப ஊற்ற வேண்டும். குடிநீர், மாட்டுத் தண்ணீர்த் தொட்டி, மீன் வளர்க்கும் பண்ணைக்குட்டை ஆகியவற்றில் எந்தச் சாற்றையும் ஊற்றாதீர்கள். மூலிகை என்பதால் மீனுக்குத் தீங்கில்லை என்பது தவறான எண்ணம். சீத்தாப்பழ விதையை இடிப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும்.

பயன்படாமல் தண்ணீர் தேங்கிய கிணற்றுக்கு பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து சாற்றைவிட நம்பகமானது. புழு அதைத் தின்று சாகும், மீனைப் பாதிக்காது. கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை. ஆகவே புழு சிறிதாக இருக்கும்போதே போட வேண்டும். உங்கள் ஊர் சுகாதார ஆய்வாளரிடம் கிணற்றின் அளவைச் சொல்லிக் கேளுங்கள்.