வணிகம் பயிலும் நம் பிள்ளைகள்

திருப்பதியிலும் சித்தூரிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், எம்.பி.ஏ. என்னும் வணிக நிர்வாகப் படிப்பை நாடும் பிள்ளைகள் இன்று பலர். 1954-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்திலும், சுற்றுப்புறத்துக் கல்லூரிகளிலும் அவர்கள் பயில்கின்றனர். படிப்பு முடிந்ததும் நாம் முதலிற் கேட்பது, "சம்பளம் எவ்வளவு?" என்பது. கேட்கவேண்டிய கேள்விதான், ஊர்விட்டு ஊர் வந்தோர்க்குப் பொருளின் அருமை தெரியும். ஆயினும், அப்பொருள் எவ்வழியில் வரப்போகிறது என்பதை நாம் கேட்பதில்லை.

கல்லூரியில் இதற்கும் பாடம் உண்டு என்பர். உண்டு, தேர்வுக்கு முதல்நாள் இரவில் படித்து முடிக்கும் பாடம். அதிற் பெரும்பகுதி 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு பற்றியது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுவரவு 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றனுள் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்திய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நல்ல சட்டமே. ஆனால், இரண்டு பங்கை ஈந்துவிட்டால் எஞ்சிய தொண்ணூற்றெட்டைப் பற்றி எவரும் கேட்கலாகாது என்னும் எண்ணம் இளைஞர் நெஞ்சில் ஊன்றிவிடுமோ என்று அஞ்சுகிறோம்.

இந்த அச்சம் காரணமற்றதன்று. ஐதராபாத்துச் சத்யம் கம்பெனியின் தலைவராயிருந்த ராமலிங்க ராஜு, அமெரிக்காவில் எம்.பி.ஏ. பயின்றவர். கிராமத் தொண்டுக்கு அறக்கட்டளை கண்டவர். 2005-இல் 108 ஆம்புலன்ஸ் பணியைத் தொடங்குவதற்கும் முன்னின்றவர். அப்பணியால் உயிர் பிழைத்தோர் பலர், அதை மறுப்பதற்கில்லை. 2008-இல் நல்ல நிர்வாகத்திற்கான பரிசொன்றும் அக்கம்பெனிக்குக் கிட்டியது. 2009 ஜனவரி 7 அன்று, பல்லாண்டுகளாகக் கணக்கில் பொய் எழுதிவந்ததை அவரே கடித மூலம் ஒப்புக்கொண்டார். ஏழாயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட புரட்டு அது. ஈகைக்கும் கணக்கிற்கும் இடையே ஒரு சுவரை எழுப்பிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் வேறு பாடம் வேண்டியதில்லை.

சத்யம் பெரிய கதை, தொலைவுக் கதை. நம் வாயிலிலேயே ஒன்றுண்டு. சித்தூர்ச் சீமையின் தோதாபுரி மாம்பழத்தை, நாம் கிளிமூக்கு என்று அழைக்கும் பழத்தை, அறியாதார் நம்மிடையே இலர். கூழாக்கப்பட்டு டப்பாக்களில் அடைபட்டுக் கடல்கடந்து செல்வது அது. 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் விலை படுவீழ்ச்சி கண்டது. முந்திய ஆண்டுக் கூழே விற்காமற் கிடக்கிறதென்றனர் தொழிற்சாலையார். கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் ஆக 12 ரூபாய் உழவர்க்குக் கிடைக்க வேண்டுமென்று ஆந்திர அரசு அறிவித்தது. கருநாடகத்துப் பழம் மாவட்டத்துள் வரலாகாதென்று தடையும் பிறந்தது. (எல்லைக்கு அப்பாலுள்ள உழவன் மட்டும் என்ன பிழை செய்தான் என்பதும் கேட்கத்தக்கதே.) பழம் ஏற்றிய வண்டிகள் ஆலை வாயில்களில் நாட்கணக்கில் காத்து நின்றன.

இப்போது, அந்த ஆலையொன்றில் கொள்முதல் அலுவலராக நம் பிள்ளை அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். வாயிலில் நிற்கும் பழம் ஒவ்வொரு மணிநேரமும் கனிந்துகொண்டே போகிறது. வண்டி வாடகையோ ஏறிக்கொண்டே போகிறது. இன்னும் ஒருநாள் காக்க வைத்தால் உழவர் எவ்விலைக்கும் இசைவார். அவன் கற்ற நூல் இதைப் பேரம்பேசும் வலிமை என்று போற்றும். மேலதிகாரியும் மெச்சுவார். சட்டமும் குறுக்கே நிற்காது போகலாம். வாயிலைத் திறப்பதா, வேண்டாமா? முதலாளியின் நட்டத்தையும் அவன் எண்ணவேண்டியவனே. கூழ் தேங்கிக் கிடப்பது பொய்யாயில்லாமலிருக்கலாம். எளிய விடை இல்லை. ஆயினும், இருதரப்பையும் நேரிற் கண்டவனுடைய முடிவு வேறாயிருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

2009-இல் அமெரிக்காவின் ஆர்வர்டு வணிகப் பள்ளியில் பட்டம் பெற்ற மாணவர் பலர், மருத்துவர் எடுக்கும் உறுதிமொழி போல, நேர்மையாகத் தொழில் நடத்துவோம் என்று தாமே ஓர் உறுதிமொழி வகுத்துக் கையெழுத்திட்டனர். முந்திய ஆண்டின் நிதி நெருக்கடியில் உலகமே இடருற்றிருந்த வேளை அது. நல்ல எண்ணந்தான், ஆனால் உறுதிமொழியை ஏட்டில் எழுதுவதைவிட மண்டியில் நிற்பது பயன்தரும் என்பது நம் துணிபு.

நம் பிள்ளைகளுக்கு அதற்கொரு வசதியும் உண்டு. பங்காருபாளையத்து உழவரோடு தெலுங்கிலும், கிருஷ்ணகிரியிலிருந்து வரும் வண்டிக்காரரோடு தமிழிலும் அவர்களாற் பேச முடியும். வரும் மாம்பருவத்தில் பங்காருபாளையம், தாமலசெருவு மண்டிகளுக்குச் சென்று, வண்டி எத்தனை நாழிகை நின்றது, எடையில் எவ்வளவு கழித்தனர், பணம் எந்நாளில் கைக்கு வந்தது என்பவற்றை அவர்கள் குறித்துவரட்டும். பிறகு ஆலைக்குள்ளும் சென்று, அவர்கள் கணக்கையும் கேட்டுவரட்டும். பெற்றோர் போக்குவரத்துச் செலவைக் கொடுத்தாற் போதும். அக்குறிப்புகளைக் கட்டுரையாக்கி அனுப்புவோர்க்கு இப்பகுதியில் இடம் ஒதுக்கித் தருவோம்.