இணை நோயின் பெயர் சாதி

நான் வங்கிக் குமாஸ்தா. கணக்கு என் பிழைப்பு. ஆகவே சாவுக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

2021 மே மாதம், ஊரடங்கு. இனயத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிளை. கவுண்டர் திறந்ததும் நகைக்கடனுக்குத்தான் கூட்டம். "சாரே, வேகம் போட்டுத் தாரும். ஆசுத்திரியில கெட்டணும்." கழுத்தில் கிடந்தது தராசில் ஏறும். அந்த மாதம் தனியார் மருத்துவமனைகளுக்குத் தமிழக அரசு விதித்த உச்சவரம்பே, வெண்டிலேட்டர் படுக்கைக்கு நாளொன்றுக்கு 35,000 ரூபாய். மூன்று பவுன் சங்கிலி வைத்தால் இரண்டு நாள் மூச்சு. காப்பீட்டு அட்டை இருந்தால் அரசு கட்டும் என்றார்கள். படுக்கை கிடைத்தவனுக்குத்தானே அட்டை!

எங்க பெரியம்மைக்குப் பவுனும் கிடையாது. அண்டி ஆபீசில் முப்பது வருஷம் அண்டி தல்லிய கை. வறுக்கிற புகை நெஞ்சில், தோட்டுப்பால் கறை விரலில். அந்த விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார்கள். 94. "பயப்படாண்டாம், வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். 94க்குக் கீழே இறங்கினால்தான் படுக்கை என்பது அன்றைய சிகிச்சை விதி. மூணாம் நாள் ராத்திரி ஆம்புலன்சில் தூக்கிப் போட்டபோது 70. ஐ.சி.யு.வில் இரண்டு நாள் கிடந்தாள். பிறகு பையில் கட்டித் தந்தார்கள். காகிதத்தில் எழுதியிருந்தது: இணை நோய், சர்க்கரை, ஆஸ்துமா.

* * *

இந்த 'இணை நோய்' என்கிற சொல்லைக் கொஞ்சம் தோலுரித்துப் பார்ப்போம். சாயங்காலம் தோறும் சுகாதாரத்துறை அறிக்கை வெளியிட்டது. செத்தவரின் வயது, ஆணா பெண்ணா, எந்த மருத்துவமனை, என்ன இணை நோய், எல்லாம் அதில் இருந்தது. சாதி இல்லை. தொழில் இல்லை. செத்தவனின் ரத்தத்தில் சர்க்கரையைத் தேடிய அரசு, அவன் வீட்டில் ஒரே அறையில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று தேடவில்லை. நோய் அவன் உடம்பிலேயே இருந்ததாம். அதனால் சாவுக்கு அவன் உடம்பே பொறுப்பாம். முன்பு கர்மம் என்றான். இப்போது இணை நோய் என்கிறான். ஆள் ஒன்றுதான், சட்டைதான் வேறு.

இந்தியாவில் தலித் பெண், மேல்சாதிப் பெண்ணைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாகச் சாகிறாள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் சொன்னது. இது கொரோனாவுக்கு முந்திய கணக்கு. சாதி தின்ற அந்த ஆண்டுகளையும் சுமந்துகொண்டுதான் அவள் ஐ.சி.யு. வாசலுக்கு வந்தாள்.

* * *

"வைரஸ் சாதி பாக்குமாவோய்?" என்று கிளையில் ஒரு நண்பர் கேட்டார். வைரஸ் பார்க்காது. கருவி நிறம் பார்க்கும். ஆக்சிமீட்டர் தோலுக்குள் ஒளியைச் செலுத்தி அளப்பது. 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஏட்டில் 2020 டிசம்பரில் மிச்சிகன் மருத்துவர்கள் எழுதினார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் 88க்கும் கீழே இருந்தவர்கள் கறுப்பர்களில் 100க்கு ஏறக்குறைய 12 பேர். வெள்ளையர்களில் 4க்கும் குறைவு. சாதியும் நிறமும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் ஆளுகிறவன் உடம்பை வைத்து அளவுகோல் செய்கிற புத்தி ஒன்றுதான். பெரியம்மையின் அந்த 94 பொய்யா மெய்யா? இனி எந்த டாக்டராலும் சொல்ல முடியாது.

யாரை எண்ணுவது, யாரை விடுவது என்பதுதான் கணக்கின் அரசியல். நியூயார்க் பகுதியில் வெண்டிலேட்டர் வைத்தவர்களில் 88 சதவீதம் பேர் செத்தார்கள் என்று 2020 ஏப்ரலில் செய்தி பரவியது. "குழாய் போட்டா ஆளு தீந்தான்" என்று எங்க காலனி வரைக்கும் பேச்சு வந்தது. நடந்தது என்ன? மொத்தம் 1,151 பேர். அதில் 831 பேர் இன்னும் படுக்கையில் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு, மிச்சம் 320 பேரில் 282 சாவு என்று வகுத்துவிட்டார்கள். இரண்டே நாளில் திருத்தம் வந்தது: அன்றுவரை செத்தவர்கள் 24.5 சதவீதம். பயம் காலனிக்கு வந்தது. திருத்தம் வரவில்லை.

ஐ.சி.யு. கொலைக்களம் அல்ல. டெக்சாமெத்தசோன் என்கிற பழைய, மலிவான மருந்து, வெண்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைத்தது என்று பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு 2020இல் காட்டியது. உள்ளே போனால் பிழைக்க வழி உண்டு. அப்படியென்றால் கேள்வி இதுதான்: யார் நேரத்துக்கு உள்ளே போனார்கள்? யார் வாசலில் நின்றார்கள்?

பிரிட்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தணிக்கை அமைப்பு இனவாரியாக, வறுமைவாரியாக எண்ணி வெளியிட்டது. எண்ணியதால்தான் அங்கே சண்டை போட முடிந்தது. இங்கே சாதிவாரியாக எண்ணு என்றால், கேட்கிறவனையே சாதி வெறியன் என்பான்.

எண்ணினாலும் நமக்கு இன்னொரு குழி வெட்டி வைத்திருக்கிறான். எங்கள் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். 1950ஆம் ஆண்டு ஆணைப்படி, கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதி இல்லை. வாழ்ந்தது காலனியில், காகிதத்தில் பி.சி. செத்த பிறகும் அவள் எந்தக் கலத்தில் விழுவாள்?

சாதிவாரிக் கணக்கெடுப்பு நடக்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழு முடிவெடுத்தது. நல்லது. ஆனால் உயிரோடு இருக்கிற தலையை மட்டும் எண்ணினால் போதாது. பிணத்தையும் எண்ணு. ஒவ்வொரு ஐ.சி.யு. பதிவேட்டிலும் சாதி எழுது, தொழில் எழுது, வாசலுக்கு வந்த நேரமும் உள்ளே எடுத்த நேரமும் எழுது. மதம் மாறிய தலித்தைத் தலித் என்றே எழுது. அடுத்த கொள்ளைநோய் வருவதற்குள் இதைக் கேட்டு வாங்க வேண்டியது நம் வேலை.

வங்கியில் ஒரு ரூபாய் உதைத்தால் கிளையைப் பூட்ட விடமாட்டார்கள். ராத்திரி ஆனாலும் உட்கார்ந்து தேடுவோம். இங்கே மனுஷ உயிர் உதைக்கிறது. கணக்கை முடித்துவிட்டோம் என்று பூட்டிவிட்டுப் போகிறார்கள்.

எங்க பெரியம்மையின் கணக்கு இன்னும் முடியல்ல.