புழு கட்டும் கடல் திட்டு... புதுச்சேரி ராக் பீச்சுக்கு என்ன பாடம்?

புதுச்சேரி ராக் பீச் பாறைகள் முன்பு செல்ஃபி எடுக்காதவர்கள் குறைவு. ஆனால் அவை இயற்கையாக அமைந்தவை அல்ல. கடல் ஊருக்குள் வராமல் தடுக்கக் கொட்டப்பட்டவை.

மணல் எங்கே போச்சு?

இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் அதை மறித்தன. நகரின் மணற்பரப்பு காணாமல் போனது. அதை மீட்க 2018-ல் கடலுக்கடியில் எஃகுத் திட்டு அமைக்கப்பட்டது. மணல் ஓரளவு திரும்பியது.

புழு எப்படித் திட்டு கட்டும்?

சபெல்லாரிட் எனும் குழாய்ப்புழு, சில சென்டிமீட்டர் நீளம்தான். அலை கிளப்பும் மணலையும் சிப்பித் துணுக்குகளையும் பிடித்து, உடலில் சுரக்கும் புரதப் பசையால் ஒட்டி, தன்னைச் சுற்றிக் குழாய் கட்டும். புழுக்குஞ்சுகள் பழைய குழாய்கள் மீதே குடியேறும். அப்படியே தேன்கூடு போல் திட்டு வளரும்; நண்டு, சிப்பிகளுக்கு வீடாகும். கேரளக் கரைப் பாறைகளிலும் இவை உண்டு. ஐரோப்பாவின் மிகப்பெரிய திட்டுகள் பிரான்ஸின் மோன் சான் மிஷேல் வளைகுடாவில் உள்ளன. சிப்பி பொறுக்கப் போகிறவர்களின் கால் மிதியே அங்கே ஓர் ஆபத்து.

அப்போ, புழுவை விட்டால் பீச் திரும்புமா?

திரும்பாது. பாறை மட்டும் போதாது, நகரும் மணலும் வேண்டும். மணல் வரும் வழியை அடைத்துவிட்டால் புழுவாலும் கட்ட முடியாது, பீச்சும் நிற்காது.