குற்றம் காணலும் குணம் பேணலும்

படைப்பவன் கண்ணுக்குத் தப்பிய பிழை, பார்ப்பவன் கண்ணில் படும். இவ்வுண்மையை நன்குணர்ந்த நம் முன்னோர், ஒரு நூலை அவையோர் முன் அரங்கேற்றிய பின்னரே உலகிற்கு வழங்கினர். இன்று கணிப்பொறிக்கு மென்பொருள் எழுதுவோர் கைக்கொள்ளும் நெறியும் இதுவேயாகும். ஒருவர் எழுதிய நிரலைச் சக நிரலாளர் படித்து ஒப்பிய பின்னரே அது பயன்பாட்டிற்குச் செல்லும். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த மைக்கேல் ஃபேகன் இத்தகைய ஆய்வுமுறையை ஒழுங்குபடுத்தி 1976-ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். ‘கோட் ரிவ்யூ’ என அவர்கள் வழங்குவதை நாம் நிரல் மதிப்பாய்வு எனலாம்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். கல்வராயன் மலைச் சிற்றூர்களிலிருந்தும், சின்னசேலம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி ஆகிய பகுதிகளிலிருந்தும் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் மென்பொருள் பணிக்குச் செல்லும் பிள்ளைகள் நம்மிடையே உளர். விடுமுறையில் ஊர் திரும்பும் அவர்களிடம் நலம் உசாவினால், வேலைப் பளுவைக் காட்டிலும் வேறொன்றையே பெருந்துன்பமாகக் கூறுகின்றனர். தாம் எழுதியதன்மேல் பிறர் எழுதும் குறிப்புகளே அத்துன்பம்.

மாறிக்கு வைத்த பெயர் நன்றாயில்லை. அடைப்புக்குறி அடுத்த வரியில் வரவேண்டும். இங்கே ஓர் இடைவெளி மிகை. அங்கே ஓர் இடைவெளி குறை. இவ்வாறு இருபது குறிப்புகள் வரும். அவற்றைத் திருத்தி அனுப்பினால் மேலும் பத்து வரும். நிரல் தன் பணியைச் செவ்வனே செய்கிறதா என்பது பற்றி மட்டும் ஒரு சொல்லும் இராது. ஆங்கிலத்தில் இத்தகு சிறு குறிப்பிற்கு ‘நிட்’ என்று பெயர். அச்சொல்லுக்கு ஈர் என்பது பொருள். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குதல் என்று நம் பாட்டிமார் சொன்ன வழக்காறு கடல் கடந்தும் பொருந்துவது வியப்பன்று.

இதன் காரணத்தைப் பார்க்கின்சன் என்னும் ஆங்கில அறிஞர் 1957-ஆம் ஆண்டில் நகைச்சுவையோடு விளக்கினார். அணு உலை அமைக்கும் திட்டத்தைச் சில நிமிடங்களில் ஒப்பிய குழு ஒன்று, மிதிவண்டிக் கொட்டகைக்கு நெடுநேரம் வாதிட்டதாக அவர் கற்பனை செய்தார். அணு உலை சிலர்க்கே விளங்கும். கொட்டகையோ எல்லார்க்கும் விளங்கும். விளங்குவதில்தானே வாய் திறக்க இயலும்? ஆனால் கொட்டகையைப் பற்றிப் பேசும் பொழுதில் உலை கவனிப்பாரற்றுப் போகிறது. 1999-ஆம் ஆண்டு செவ்வாய்க் கோளை அடைந்த அமெரிக்க விண்கலம் ஒன்று அழிந்துபட்டது. ஒரு மென்பொருள் விசையின் அளவை ஆங்கிலேய அலகில் தர, அதைப் பெற்றவர்கள் மெட்ரிக் அலகென்று கொண்டமையே காரணம். மதிப்பாய்வு தேடவேண்டிய பிழை இத்தகையது.

அவ்வாறாயின் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளலாமா? கூடாது. ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி தந்தான் என்பது பொருள். ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் வேலாயுதத்தைத் தந்தான் என்பது பொருள். ஓர் ஒற்றெழுத்து பொருளையே புரட்டிவிடுகிறது. ஆதலின் பிழையின் உருவம் சிறிதா பெரிதா என்பதன்று வினா. அது பொருளை மாற்றுகிறதா, இல்லையா என்பதே அளவுகோல். மாற்றுமாயின் அது ஈர் அன்று. மாற்றாதாயின் அதன் பொருட்டு ஒருவர் மனத்தைக் கீறுதல் தகாது.

மனக்கீறல் என்றேன். இங்கேதான் பண்பாட்டு உரசல் புகுகின்றது. ‘ஏன் இவ்வாறு செய்தீர்?’ என்று அயல்நாட்டு மதிப்பாய்வாளர் எழுதுகிறார். காரணம் அறிய அவர் வினவியிருக்கலாம். ஆனால் ‘ஏன்’ என்ற சொல்லை வீட்டிலும் பள்ளியிலும் கண்டிப்பின் தொடக்கமாகவே கேட்டு வளர்ந்த நம் பிள்ளை, விடை கூறாது மன்னிப்புக் கோருகிறான். பெரியோரை எதிர்த்துப் பேசாமை நம்மிடத்தே மரியாதை. அங்கே அது விடை தெரியாமையாகக் கணிக்கப்படுகிறது. நேர்படப் பேசுதல் அவர்களிடத்தே நேர்மை. இங்கே அது அவமதிப்பாகக் கேட்கிறது. இருவரும் நல்லவரே. இருவர்க்கும் இடையே உள்ள மொழிதான் இருவேறு பொருள் தருகிறது.

எனினும், நேர்மை என்ற பெயரால் வசை எழுதுவதை அவ்வுலகமே இன்று ஏற்கவில்லை. லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், தம் கடுஞ்சொற்களுக்காக 2018 செப்டம்பரில் வெளிப்படையாக மன்னிப்புக் கோரிச் சிறிது காலம் பணியிலிருந்து விலகி நின்றார். அதே மாதத்தில் அத்திட்டத்தினர் புதிய நடத்தை நெறி ஒன்றையும் ஏற்றுக்கொண்டனர்.

நமக்கும் இருவகை மரபுகள் உண்டு. பிழைபட்ட புலவரின் தலையில் குட்டியதாகவும், செவியை அறுத்ததாகவும் வழங்கும் செவிவழிக் கதைகள் ஒருவகை. மற்றொரு வகை ஈண்டு நினைக்கத்தக்கது. ஹதீஸ் கலை வல்லுநர்கள், அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நம்பகத்தையும் நினைவாற்றலையும் துருவி ஆராய்ந்தனர். புறம்பேசுதல் விலக்கப்பட்ட மார்க்கத்தில், உண்மையைக் காக்கும் தேவை கருதி, அத்தேவையின் எல்லைக்குள் மட்டுமே இவ்வாய்வு ஏற்கப்பட்டது. 870-ஆம் ஆண்டில் மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், பிறர் கடுமையாகக் குறைகூறும் அறிவிப்பாளரைக்கூட, அவரிடம் ஆராய்தற்குரியது உண்டு என்ற அளவில் மெல்லிய சொல்லாலேயே குறிப்பதில் பெயர் பெற்றவர். அதனால் ஆய்வின் கண்டிப்புக் குறைந்துவிடவில்லை. சொல் மென்மையாக இருந்தது. அளவுகோல் வன்மையாக இருந்தது.

சீறாப்புராணம் பாட விழைந்த உமறுப்புலவர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றுச் செய்திகளை வேண்டி நின்றபோது, அவர்தம் உடையும் தோற்றமும் கண்டு சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் முதலில் தயங்கினார்கள் என்றும், பின்னர் இசைந்தார்கள் என்றும் வழிவழியாகக் கூறுவர். தோற்றத்தைக் கடந்து உள்ளத்தைக் கண்டமையே பெரியோர்க்குரிய பெருமை. அருட்பாவா மருட்பாவா என்று சைவ உலகம் பிளவுபட்டு, 1869-ஆம் ஆண்டில் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்ற பூசல் பின்னும் நெடுங்காலம் ஓயவில்லை. அப்பூசலில் அருட்பாவின் பக்கம் நின்று முழங்கியவர் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950). இசுலாமியராகிய அவரது சொல்லைச் சைவர்கள் செவிமடுத்தனர். ஆளைப் பாராது அறிவைப் பார்த்த அவை அது.

இனிச் செய்யத்தக்கன யாவை? முதலாவது, பொறி செய்யக்கூடியதைப் பொறியிடமே விடுதல். கூகிள் நிறுவனத்தார் 2009-இல் வெளியிட்ட ‘கோ’ என்னும் நிரல்மொழியில் இடைவெளியையும் வரியமைப்பையும் சீராக்கக் கருவியே உண்டு. பொறி குறை கூறினால் எவரும் புண்படார். தமிழுக்கும் ‘நாவி’ என்னும் சந்திப்பிழை திருத்தி வந்துள்ளது. இரண்டாவது, சிறு குறிப்பைச் சிறு குறிப்பு என்றே அடையாளமிடுதல். கூகிளின் மதிப்பாய்வு நெறிமுறைகளே இதனைப் பரிந்துரைக்கின்றன. மூன்றாவது, ஒவ்வொரு திருத்தத்தோடும் காரணம் கூறுதல். நான்காவது, நன்றாய் அமைந்ததை நன்று என்று எழுதுதல்.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவேன். உங்கள் எழுத்து வேறு; நீங்கள் வேறு. எழுத்தின்மேல் வந்த திருத்தம் உங்கள் ஊரின்மேலோ குலத்தின்மேலோ பிறப்பின்மேலோ வந்ததன்று. காரணம் புரியாவிடின் பணிவோடு கேளுங்கள். உங்கள் காரணம் வலிதாயின் பணிவோடு நில்லுங்கள். பணிவு என்பது வாய்மூடி இருத்தல் அன்று.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். அப்பிள்ளைகள் முதன்முதலில் கண்ட மதிப்பாய்வு நம் சிவப்பு மையே. மலையிலிருந்து இறங்கி வந்த மாணவி தன் ஊர்ச் சொல் ஒன்றைக் கட்டுரையில் எழுதினால், கருத்தைப் படிக்குமுன் அச்சொல்லைச் சுழித்துவிடும் கை இன்னும் நம்மிடையே உண்டு. எதற்குச் சுழித்தோம் என்று அவளிடம் சொல்வதும் அரிது. சுழிக்கப்பட்டவள் அடுத்த கட்டுரையில் பிழையைக் குறைப்பதில்லை, எழுதுவதைக் குறைத்துக்கொள்கிறாள். பெங்களூரில் அவள் காக்கும் மௌனம் இங்கே நாம் கற்பித்ததாகும். விடைத்தாளின் ஓரத்தில் ஒரு வரி காரணமும் ஒரு சொல் பாராட்டும் எழுதுதற்கு எவ்வளவு மை செலவாகும்?