மேசைக்கு வந்த மெஷின் கால்

திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய புதுமண்டபத்தில், சிலைத்தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள் உட்கார்ந்து மெஷின் மிதித்த காலம் மதுரைக்காரர்களுக்கு மறக்காது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் கட்டுகிறவர்களின் உடுப்பும் அங்கேதான் தைக்கப்பட்டது. பிறகு கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயின. கால்மெஷின்களுக்கும் மோட்டார் வந்துவிட்டது. வேலையிழந்த அந்த வார்ப்பிரும்புக் கால்களுக்குத்தான் இப்போது புது மவுசு. மேலே தேக்குப் பலகையோ கடப்பாக்கல்லோ வைத்துவிட்டால் மேசை தயார்.

சிங்கர், உஷா கால்களில் அத்தனை கொடியும் சுருளும் எதற்கு? வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 சதவீதம். அதனால் ஏறக்குறைய 1,200 டிகிரியிலேயே உருகி, மணல் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். கம்பியை வளைத்துச் செய்தால் ஒவ்வொரு வளைவுக்கும் கூலி. வார்ப்பில், மணலில் அச்சுப் பதிக்கும் மாதிரி உருவுக்கு, அதாவது பேட்டர்னுக்குத்தான் பெரிய செலவு. அது கைக்கு வந்துவிட்டால், நூறாவது காலுக்கும் அதே பூவேலை கூடுதல் கூலி இல்லாமல் விழும்.

மேலிருந்து எத்தனை பாரம் அழுத்தினாலும் தாங்கும் இந்த இரும்பு, ஓங்கி அடித்தால் வளையாது, உடைந்துவிடும். தெருமுனை வெல்டிங் கடையில் சாதாரணக் கம்பியைப் போல ஒட்ட வைத்தால் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடலாம். சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, நிதானமாக ஆறவிடத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். மேசையாக்கும்போது பலகையை போல்ட் போட்டு முடுக்குவதே நல்லது. வீட்டில் குழந்தை இருந்தால் மிதிகட்டையையும் சக்கரத்தையும் ஆடாமல் பூட்டிவிடுங்கள், விரல் மாட்டும்.

ஆனால், நன்றாக ஓடுகிற மெஷினை மேசைக்காகப் பிரிப்பது எனக்கு ஒப்பவில்லை. கரண்ட் இல்லாத நேரத்திலும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் பொருள் அது. ஓடாததை எடுங்கள். அதுவும் எத்தனை நாளைக்குக் கிடைக்கும்?

கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் பம்பு பாகங்கள் தினமும் வார்க்கப்படுகின்றன. புதிதாக மேசைக்காலோ பெஞ்சுக்காலோ வார்ப்பது அங்குள்ளவர்களுக்குப் பெரிய வித்தையல்ல. ஒரே ஒரு வீட்டுக்கென்றால் பேட்டர்ன் காசு கட்டுப்படியாகாது; நூறு ஜோடி என்றால் கணக்கே வேறு. மதுரையில் மரவேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நம்முடைய டிசைனர்கள் சிங்கர் காலத்துச் சுருளை நகலெடுக்காமல், இன்றைய வீட்டுக்கு ஏற்ற ஒரு வடிவத்தை வரைந்து துணிந்து முதல் போட வேண்டும். நம் பேரப்பிள்ளைகளும் ஒருநாள் பழைய இரும்புக்கடையில் தேடுவார்கள்; அவர்களுக்கு அகப்பட நம் காலத்துப் பொருள் ஏதாவது வேண்டாமா?