பெயர் மறந்த ஊர்



2023 செப்டம்பர் 7 அன்று மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், நைஜர் நதியில் சென்றுகொண்டிருந்த 'திம்புக்டு' என்னும் பயணிகள் கப்பலை ஆயுதக் குழுவினர் தாக்கினர். அதே நாளில் பம்பா என்னுமிடத்து ராணுவ முகாமும் தாக்கப்பட்டது. இரண்டிலுமாக 49 பொதுமக்களும் 15 படைவீரர்களும் உயிரிழந்தார்கள் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. அச்செய்தியைப் படித்த இரவு, அலமாரியிலிருந்து இப்னு பதூதாவின் பயண நூலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏனெனில், 670 ஆண்டுகளுக்கு முன் திம்புக்டுவிலிருந்து காவ் நகருக்கு அதே நதியில் அவர் படகில் போயிருக்கிறார். அந்நாட்டில் வழிப்போக்கனுக்கும் ஊராருக்கும் கள்வர் பயம் கிடையாது என்று வியந்து எழுதியவரும் அவரே.

நம் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி நடந்த நாளில் இங்கும் வந்து தங்கிச் சென்றவர்தாம் அவர். அதன் பின்னர் ஏறத்தாழ எட்டாண்டுகள் கழித்து, சஹாராவைக் கடந்து மாலிக்குப் போனார். நைஜர் ஒரு விசித்திரமான நதி. கினி நாட்டு மலைகளில், அட்லாண்டிக் கடலுக்கு 240 கிலோமீட்டர் தொலைவிலேயே பிறந்தும், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாலைவனத்தை நோக்கி ஓடுகிறது. அங்கே வளைந்து திரும்பி, ஏறத்தாழ 4,180 கிலோமீட்டர் நடந்த பிறகே நைஜீரியாவில் கடலைச் சேருகிறது. இப்னு பதூதா இதனை எகிப்தின் நைல் நதி என்றே எண்ணிக்கொண்டார். இந்நதிக்கரையில் ஒரு நிலவொளி இரவில் பருத்த உடலுள்ள பிராணிகளைக் கண்டு யானைகள் என்று நினைத்தார். அவை நீருக்குள் இறங்கியபோதுதான் திகைத்தார். உடன் வந்தவர்கள் அவற்றை நீர்க்குதிரைகள் என்று சொன்னார்கள். நம் தமிழோ 'நீர்யானை' என்று பெயரிட்டு, அவருடைய முதல் எண்ணத்தின் பக்கமே நிற்கிறது!

திம்புக்டுவில் அவர் ஏறியது ஒரே மரத்தைக் குடைந்து செய்த சிறு படகு. ஒவ்வோர் இரவும் ஏதேனும் ஒரு கிராமத்தில் கரையேறுவார்கள். இறைச்சியும் வெண்ணெயும் வாங்குவார்கள். விலையாகக் காசு கொடுப்பதில்லை; உப்பு, வாசனைப் பொருள்கள், கண்ணாடி மணிகள். அந்நாட்டில் உப்பின் அருமையை நாம் எளிதில் உணர முடியாது. வட பாலைவனத்தில் தகாஸா என்னும் ஊரில் வெட்டி, ஒட்டகங்களில் ஏற்றி அனுப்பப்பட்ட பொருள் அது. அவ்வூரில் வீடுகளும் பள்ளிவாசலும்கூட உப்புக் கட்டிகளால் எழுப்பப்பட்டிருந்ததை இப்னு பதூதா நேரில் கண்டிருக்கிறார்.

வழியில் ஓர் ஊர். அதன் பெயர் மறந்துவிட்டது என்று அவரே சொல்கிறார். ஆனால் அவ்வூர்த் தலைவர் ஃபர்பா சுலைமானை மறக்கவில்லை. ஹஜ் செய்தவர், ஆஜானுபாகுவானவர், அவருடைய வில்லை வேறு எவராலும் வளைக்க இயலாது. தானியம் தேவைப்பட்டு இப்னு பதூதா அவரைக் காணச் சென்ற நாள், பெருமானார் (ஸல்) அவர்களின் பிறந்த நாள். கையைப் பற்றி அழைத்துச் சென்று, இடித்த தானியத்தில் தேனோ பாலோ கலந்த நீரைப் பருகத் தந்தார். நம் கம்பங்கூழுக்கு அது சற்று தூரத்து உறவு எனலாம். பேசிக்கொண்டிருக்கையில் வீட்டினுள்ளிருந்து அழுகுரல் எழுந்தது. விசாரித்தால், தலைவரின் மகள் ஒருத்தி வபாத்தாகிவிட்டாள். ஓலத்தைத் தம்மால் தாங்க முடியாது என்று கூறிய அந்தத் தந்தை, விருந்தாளியுடன் ஆற்றங்கரைக்கு நடந்தார். அங்கே உணவு வரவழைத்து, உண்ண வைத்துத்தான் விடைகொடுத்தார். அவரைவிடப் பெருந்தன்மையுள்ள ஒருவரை அத்தேசத்தில் தாம் காணவில்லை என்பது இப்னு பதூதாவின் சாட்சியம்.

மதரஸாவில் விருந்தோம்பல் பாடத்திற்கு இந்நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். அதில் ஒரு பகுதியை நான் விட்டுவிடுவது வழக்கம். மரண ஓலம் கேட்பதற்குச் சற்று முன்பு, ஐந்து சாண் உயரமுள்ள ஒரு சிறுவன் உள்ளே வந்தான். இவன் உமக்கு என் விருந்துப் பரிசு, ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளும் என்று கூறி, தலைவர் அவனை ஒப்படைத்தார். இப்னு பதூதாவும் ஏற்றுக்கொண்டார். தமது நூலை எழுதச் சொன்ன 1355 வாக்கிலும் அவன் தம்மிடமே இருப்பதாகக் குறிப்பிடுகிறார்.

சென்ற ஆண்டு முழு நிகழ்ச்சியையும் வாசித்துக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "ஹஜ்ரத், அந்தப் பையனுடைய பேர் என்ன?" என்று கேட்டான். நூலில் இல்லை என்றேன். "அவனுடைய உம்மா, வாப்பா?" அதுவும் இல்லை. சத்தியத்தை முறித்த குற்றத்திற்குப் பரிகாரமாக அடிமையை உரிமையிடுவதை நம் மார்க்கம் வைத்திருக்கிறது. ஸகாத்திலும் அதற்கென்றே ஒரு பங்கு உண்டு. இதனைக் கற்றறிந்த காழியாக இருந்தவர் இப்னு பதூதா. அப்படியிருந்தும் அவனைப் பற்றி அவர் சொல்வது ஒரே வரிதான்.

அவர் நாடு திரும்பும்போது தகத்தா நகரிலிருந்து சேர்ந்துகொண்ட வணிகக் கூட்டத்தில் 600 அடிமைப் பெண்கள் இருந்தனர். ஃபர்பா சுலைமானின் வீட்டில் அவருடன் அரபியில் பேசிய பணிப்பெண்ணோ திமிஷ்கைச் சேர்ந்தவள். அந்த நதிக்கரைக்கு அவள் எவ்வாறு வந்து சேர்ந்தாள் என்பதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. இப்போது அப்பாடத்தை நடத்துகையில் சிறுவனை விட்டுவிடுவதில்லை. விருந்தோம்பல் பாடத்திற்கு வேறு நிகழ்ச்சி தேடிக்கொண்டிருக்கிறேன்.