பழைய டிவியைத் தூக்கி எறியத்தான் வேண்டுமா?

"டிஜிட்டல் வந்துவிட்டது, இனி இந்த முதுகு பெருத்த டிவி எதற்கும் உதவாது" என்று கடைக்காரர் சொன்னதை நம்பிப் புது டிவியைத் தவணைக்கு வாங்கிவிட்டு, மாதாமாதம் கட்ட முடியாமல் திண்டாடுகிறவர்கள் நம்மவர்களில் பலர் உண்டு. தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கமுள்ள கோலிகளில் பழைய பெட்டியை இன்னும் வைத்திருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கடைக்காரர் பேச்சைக் கேட்டுக் கடன்படுவதற்கு முன்னால் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் பார்ப்பது நல்லது.

முதலில் மாறியது என்ன என்று தெரிந்துகொள்வோம். 2011-ல் கேபிள் டிவி சட்டத்தைத் திருத்தி, ஒளிபரப்பு முழுவதும் டிஜிட்டல் முறைக்கு மாற வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. மும்பை, டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களுக்கும் 2012 அக்டோபர் 31 கடைசி நாள் என்று நிர்ணயித்தார்கள். மற்ற ஊர்களுக்குப் படிப்படியாகத் தேதி வைத்து, கடைசிக் கெடு 2017 மார்ச் 31 என்று ஆயிற்று. மொட்டை மாடி ஆன்டெனாவில் இலவசமாக வந்துகொண்டிருந்த தூர்தர்ஷனின் அனலாக் நிலையங்களும், முக்கியமான சில இடங்கள் தவிர, 2022-க்குள் மூடப்பட்டன.

இவ்வளவும் மாறியது வருகிற அலையில்தான்; பார்க்கிற பெட்டியில் அல்ல. ரயில்வேயில் மீட்டர் கேஜைப் பிராட் கேஜ் ஆக்கினால் பழைய வண்டி அந்தத் தண்டவாளத்தில் ஓடாது என்பது உண்மை. டிவி விஷயம் அப்படியல்ல. நடுவே ஒரு ஜங்ஷனில் வண்டி மாறுவதுபோல, டிஜிட்டல் அலையை வாங்கிப் பழைய டிவிக்குப் புரிகிற விதத்தில் மாற்றிக் கொடுக்க ஒரு செட்டாப் பாக்ஸ் இருந்தால் போதும். டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று துளைகள் இருந்தால் சுலபமாக இணைத்துவிடலாம். ஆன்டெனா துளை மட்டுமே உள்ள மிகப் பழைய பெட்டிக்கு மாடுலேட்டர் என்ற சிறு கருவி ஒன்று கூடுதலாக வேண்டும்.

இதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 2006 முதல் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் எல்லாம் பழைய பிக்சர் டியூப் வகைதான். 2017-ல் அரசு கேபிள் நிறுவனம் டிஜிட்டலுக்கு மாறி செட்டாப் பாக்ஸ் வழங்கியபோது, அந்தப் பெட்டிகளிலேயே மக்கள் படம் பார்த்தார்கள்.

இன்னொன்றையும் கடைக்காரர்கள் சொல்வதில்லை. புது டிவி வாங்கினாலும் கேபிளுக்கோ டிஷ்ஷுக்கோ பெரும்பாலும் பாக்ஸ் வேண்டும். மாதச் சந்தாவும் கட்ட வேண்டும். ஆக, புது டிவி வாங்குவதால் பாக்ஸ் செலவு மிச்சமாகாது.

"மின்சாரம் மிச்சமாகுமே" என்பார்கள். உண்மைதான். 21 அங்குலப் பழைய டிவி சுமார் 90 வாட் இழுக்கும். 32 அங்குல எல்.இ.டி. டிவி சுமார் 40 வாட். தினம் 5 மணி நேரம் பார்த்தால் மாதத்துக்கு ஏழரை யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 60 ரூபாய். புது டிவிக்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தால், அந்தப் பணம் திரும்பி வர ஏறக்குறைய 14 வருஷம் ஆகும்! வட்டிக் கணக்கு இதில் சேரவில்லை.

அப்படியானால் எப்போதுதான் மாற்றுவது? பிக்சர் டியூப் போய்விட்டால் மாற்றலாம். ரிப்பேர் செலவு திரும்பத் திரும்ப வந்தால் மாற்றலாம். பத்துக்குப் பத்து கோலியில் பெட்டியின் முதுகு பிள்ளைகள் படுக்கிற இடத்தை அடைத்துக்கொண்டால், அதுவும் நியாயமான காரணமே. இன்றைய அகலப் படம் பழைய திரையில் சுருங்கித் தெரிவதால், வீட்டுப் பெரியவர்கள் எழுத்தைப் படிக்கச் சிரமப்படுவார்கள். அதையும் யோசிக்க வேண்டும். ஆனால் கையில் பணம் சேர்ந்த பிறகு வாங்குங்கள். வாங்கும்போது, சாட்டிலைட் டியூனர் உள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ்ஷை, கூரையில் ஒரு டிஷ் வைத்து, பாக்ஸும் சந்தாவும் இல்லாமல் பார்க்க வழியுண்டு. டிடி தமிழ் அதில் வரும்; கட்டணத் தமிழ்ச் சேனல்கள் வரா.

பழைய பெட்டியைப் பங்கார்க்காரரிடம் போடும் முன்னும் யோசியுங்கள். பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. சந்தில் போட்டு உடைத்தால் அந்தத் தூள் நம் பிள்ளைகள் விளையாடும் மண்ணில்தான் கலக்கும். மின்னணுக் கழிவுக்கென்று 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் அமலில் உள்ளன. பதிவு பெற்ற இடத்தில் கொடுப்பதே முறை.

இதெல்லாம் நாம் செய்ய வேண்டியது. அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2009-ல் டிஜிட்டலுக்கு மாறியபோது, மாற்றுப் பெட்டி வாங்க வீட்டுக்கு இரண்டு வீதம் 40 டாலர் கூப்பன் கொடுத்தார்கள். இங்கே மும்பைக் கூலித் தொழிலாளி தன் சொந்தக் காசில் பாக்ஸ் வாங்கினான். போதாக்குறைக்கு 2013-14 பட்ஜெட்டில் இறக்குமதி பாக்ஸுக்கு வரியை 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக உயர்த்தினார்கள்.

அப்படி வாங்கிய பாக்ஸாவது நம்முடையதா என்றால், அதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்தின் இணைப்பில் வேலை செய்யாது. குர்லாவிலிருந்து கல்யாணுக்கு மாற்றலாகிப் போன என் சக ஊழியர் ஒருவர், நல்ல நிலையில் இருந்த பாக்ஸைப் பரணில் போட்டுவிட்டு வேறொன்று வாங்க நேர்ந்தது. வாடகை உயர்ந்தால் கோலி மாறுகிற நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இந்த நஷ்டம் திரும்பத் திரும்ப வருகிறது. கேபிளுக்குள்ளும் டிஷ்ஷுக்குள்ளும் ஒரு நிறுவனத்தின் பாக்ஸ் இன்னொரு நிறுவனத்தின் இணைப்பிலும் இயங்க வேண்டும் என்று டிராய் அமைப்பு 2020-லேயே பரிந்துரை செய்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர அரசுக்கு என்ன தயக்கம்?

மொழி தெரியாத ஊரில் பகலெல்லாம் நான்கு சுவருக்குள் இருக்கும் நம் தாய்மார்களுக்கு, தமிழ்க் குரல் கேட்கிற பெட்டி வெறும் பொழுதுபோக்கு அல்ல, பேச்சுத் துணை. அந்தத் துணைக்காக ஒரு குடும்பம் கடனாளியாகத் தேவையில்லை. ஓடுகிற வரை பழைய டிவி ஓடட்டும். மிச்சமாகும் தவணைப் பணத்தை அஞ்சலகச் சேமிப்பில் போடுங்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகும்.